தூக்குவாளியும் துண்டுச் சீட்டும்

கொரோனாவைப் பற்றி இனி எவனாவது எழுதினால் உதைப்பது என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கலாம். நியாயம்தான். கபசுரக் குடிநீர் என்ற பேரைக் கேட்டாலே இன்னும் சிலருக்கு நாக்கு கசக்கிறது. ஆனால் நான் எழுத வந்தது நோயைப் பற்றியில்லை, சோற்றைப் பற்றி. 2020, 21-ல் நாம் சாப்பிட்ட விதமும் சாமான் வாங்கிய விதமும் எப்படித் தலைகீழாச்சு, அதில் எது பழையபடி திரும்பியது, எது திரும்பவேயில்லை என்று ஒரு கணக்குப் பார்க்கத் தோன்றியது. கணக்கு என்றதும் பயப்படாதீர்கள். அண்ணாச்சி கடைக் கணக்குதான்.

எங்கள் ஊர் அகரம். திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை ஒட்டின பேரூராட்சி. முத்தாலம்மன் கோயில் என்றால் சுற்றுவட்டாரத்தில் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். பிரியாணி, பூட்டு, பெரியாஸ்பத்திரி மூன்றுக்கும் திண்டுக்கல் போவோம். மற்றதெல்லாம் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே.

நோய் வருவதற்கு முன்னால் வதந்தி வந்தது. கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று 2020 தொடக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வாட்ஸ்-அப்பில் கிளப்பிவிட, நாடு முழுக்க பிராய்லர் விலை படுத்துவிட்டது. நாமக்கல் முட்டையும் கூடவே உருண்டது. கோழி வழியாக இது பரவாது என்று அரசாங்கம் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. யார் கேட்டார்கள்?

"அண்ணே, ஒரு கிலோ எடுங்க, அரைக் கிலோ சும்மா தர்றேன்" என்று கறிக்கடைக்காரத் தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னான். வீட்டில் வந்து சொன்னேன். "சும்மா குடுக்கறான்னாலே எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றாள் மனைவி. அடுத்த மாதமே ஊரடங்கு. கோழி வரத்து குறைந்து விலை ஏறியது. உடனே அதே ஜனங்கள் அதே கடையில் வரிசை கட்டி நின்றார்கள். விலை ஏறினால் கோழிக்குக் குணமாகிவிடும் போலிருக்கிறது!

மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144. மறுநாளிலிருந்து நாடு முழுக்க 21 நாள் முடக்கம். பலசரக்குக் கடை மதியம் இரண்டரை வரைக்கும் என்றார்கள். ஏப்ரல் 5-லிருந்து ஒரு மணிக்கே மூடச் சொல்லிவிட்டார்கள். கடை வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு வட்டம். நம் ஜனங்கள் ரொம்ப ஒழுங்கு. வட்டத்துக்குள் மஞ்சள் பையையும் செருப்பையும் வைத்துவிட்டு, ஆட்கள் மொத்தமும் வேப்பமரத்து நிழலில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். கொரோனா செருப்பைத்தான் தேடி வரும் என்ற நம்பிக்கை.

அதுவரை எங்கள் தெருவில் சாமான் வாங்குவது என்றால், அடுப்பில் வாணலி வைத்த பிறகு, "டேய், ஓடிப் போய் அஞ்சு ரூபாய்க்குக் கடுகு வாங்கிட்டு வாடா" என்பதுதான். ஊரடங்கு வந்ததும் வீட்டுக்கு வீடு துண்டுச் சீட்டு முளைத்தது. துவரம்பருப்பு ஒண்ணு, உளுந்து அரை, மிளகு நூறு கிராம் என்று வாரத்துக்கு ஒரு தடவை எழுதி வாங்கும் பழக்கம். வீட்டுக்கு ஒருத்தர்தான் வெளியே வரலாம் என்றதால் அந்த ஒருத்தர் ஆம்பளையாகிப் போனார். அதுவரை தட்டில் மட்டுமே பருப்பைப் பார்த்திருந்தவர்கள், கடைவாசலில் நின்று கடலைப்பருப்புக்கும் துவரம்பருப்புக்கும் வித்தியாசம் படித்தார்கள். மல்லி என்றால் கொத்தமல்லித் தழையா, வரக்கொத்தமல்லியா என்று போன் போட்டுக் கேட்காத புருஷன் எங்கள் தெருவில் கிடையாது. விலைவாசி என்ன என்று குடும்பத் தலைவர்களுக்கு நேரடியாகத் தெரிந்தது அப்போதுதான். அதற்குப் பிறகு, "போன வாரம் குடுத்த காசு எங்கே?" என்கிற கேள்வி பல வீட்டில் குறைந்துவிட்டது. இது அந்த நோய் செய்த ஒரே நல்ல காரியம்.

வாங்கிய சாமான் வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்குள் ஒரு யாகமே நடக்கும். பால் பாக்கெட்டுக்கு சோப்புக் குளியல். கத்திரிக்காய்க்கு மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீர். மீதிச் சில்லறை நோட்டு மொட்டை மாடியில் வெயில் காயும். ஒருத்தர் வீட்டில் ஐந்நூறு ரூபாய்க்கு இஸ்திரியே போட்டார்கள். நோய்க்கிருமி பொருள் மேலே ஒட்டிக்கொண்டு வருவதைவிடக் காற்றில்தான் அதிகம் வருகிறது என்பது பின்னால்தான் தெளிவாச்சு. தொட்ட இடத்திலிருந்து ஒட்டுவது ஒவ்வொரு தொடலுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. அதற்குள் எத்தனை பால் பாக்கெட் குளித்து முடித்திருந்தது!

இந்தத் தனிமைப்படுத்தல் எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்கவேண்டாம். எங்கள் அப்பத்தா காலத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகிவிடுவார்கள். அவ்வளவுதான். வெளியாள் உள்ளே வரமாட்டான். அந்த வீட்டுக்காரர்களும் விசேஷத்துக்குப் போகமாட்டார்கள். வீட்டில் தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது. இளநீர், நுங்கு, கூழ். தண்ணீர் ஊற்றி முடிகிறவரை இதுதான் சட்டம். போலீஸ் வரவேண்டியதில்லை, ஆத்தா பார்த்துக்கொள்வாள். பெரியம்மை இந்தியாவை விட்டு ஒழிந்தது 1975-ல். உலகத்திலேயே இல்லை என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசிதான், அந்தப் பெருமையை வேப்பிலைக்குத் தரமுடியாது. ஆனால் 'இந்த வீட்டுக்குள் வராதே' என்று படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற போர்டு அந்த வேப்பிலை. 2020-ல் நோய் கண்ட வீட்டுக் கதவில் அதிகாரிகள் ஸ்டிக்கர் ஒட்டியபோது, "வேப்பிலைக்குப் பதிலா பேப்பர்" என்றார் திண்ணையில் இருந்த ஒரு பெரியவர்.

ஒரு வித்தியாசம் உண்டு. வேப்பிலை சொருகின வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் இளநீரை வைத்துவிட்டுப் போவார்கள். ஸ்டிக்கர் ஒட்டின வீட்டைக் கண்டு சிலர் தெருவையே மாற்றி நடந்தார்கள்.

ஓட்டலுக்கு வருகிறேன். திண்டுக்கல்காரனுக்குப் பிரியாணி என்பது இலை போட்டு, சீரக சம்பா ஆவி பறக்க, "கொஞ்சம் குஸ்கா போடுப்பா" என்று கேட்டுச் சாப்பிடுவது. ஊரடங்கில் 'பார்சல் மட்டும்' என்றாகிவிட்டது. ஜூன் 8-க்குப் பிறகு எங்கள் பக்கம் உள்ளே உட்கார விட்டார்கள். பாதி நாற்காலிதான். ஏ.சி. போடக்கூடாது. ஏ.சி. ரூமுக்குத் தனி விலை வைத்து நம்மை உள்ளே அழைத்த காலம் போய், ஏ.சி.யைக் கண்டால் ஓடுகிற காலம் வந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. சீனாவில் குவாங்சோ நகரத்து ஓட்டல் ஒன்றில் 2020 ஜனவரி 24 அன்று மதியம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் மூன்று குடும்பம் சாப்பிட்டது. அந்த மூன்று குடும்பத்திலும் சேர்த்துப் பத்துப் பேருக்கு நோய் கண்டது. பரிமாறினவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏ.சி. காற்று அந்த மூன்று மேஜைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்ததுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். நம்ம ஊர் ஓலைக் கொட்டகை மெஸ் எவ்வளவு உசத்தி என்று அப்போது புரிந்தது. நாலு பக்கமும் காற்று.

பார்சலில் ஒரு சங்கடம். 2019 ஜனவரி 1-லிருந்துதான் தமிழ்நாட்டில் ஒரு தடவை போட்டுத் தூக்கியெறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை. பரணில் கிடந்த தூக்குவாளியை இறக்கித் துலக்கி, சாம்பார் வாங்க எடுத்துப் போய்க்கொண்டிருந்தோம். பாத்திரம் கொண்டு வந்தால் சில ஓட்டல்களில் விலையில் கழிவுகூடக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. தொற்று வந்ததும், "வீட்டுப் பாத்திரம் வேணாம் சார்" என்றார்கள். தூக்குவாளி மறுபடி பரணுக்குப் போனது. பிளாஸ்டிக் டப்பா நடு வீட்டுக்கு வந்தது.

கறி எடுப்பதிலும் குழப்பம். 2020 ஜூலை, ஆகஸ்டில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் முழு முடக்கம். ஞாயிறு கறிக்கடை கிடையாது என்றால் சனிக்கிழமை வாங்கணும். சனிக்கிழமையோ பெருமாளுக்கு உகந்த நாள். கூப்பிடு தூரத்தில் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள்! ஊரே தர்மசங்கடத்தில் தவித்தது. கடைசியில் ஒரு அத்தைதான் தீர்ப்புச் சொன்னார்: "வாங்குறது சனிக்கிழமை, திங்கறது ஞாயித்துக்கிழமை. ஃப்ரிட்ஜுக்குள்ள பெருமாள் எட்டிப் பார்க்கமாட்டார்." சனிக்கிழமை சாயங்காலம் கறிக்கடையில் இருந்த நெரிசலைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றும்.

கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்றார்கள். பந்தி போச்சு. 'இன்னும் கொஞ்சம் ரசம்' போச்சு. சில ஊர்களில் கல்யாணச் சாப்பாட்டை இலையோடு கூடையில் வைத்து உறவினர் வீட்டுக்கே அனுப்பினார்கள். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு பத்திரிகையில் மொய் அனுப்ப க்யூ.ஆர். கோடே அச்சடித்திருந்தார்கள். சாப்பாட்டைக் காணோம், மொய் மட்டும் தவறாமல் போய்ச் சேரும்!

சிரித்தாச்சு. இனி கணக்கு.

பந்தியும் ஓட்டலும் நின்றபோது, நாம் சாப்பிடாதது மட்டும் நடக்கவில்லை. பரிமாறின கை சும்மா ஆனது. சப்ளையர், மாஸ்டர், பாத்திரம் கழுவுகிறவர், கல்யாணச் சமையலுக்குப் போகிறவர் எல்லாரும் ஊருக்குத் திரும்பினார்கள். எங்கள் தெருவில் ஒரு பரோட்டா மாஸ்டர். மாவை வீசினால் விசிறி மாதிரி விரியும். அவர் டி.வி.எஸ். 50-ல் தக்காளி, முருங்கைக்காய் கட்டிக்கொண்டு தெருத் தெருவாய்க் கூவினார். "பரோட்டாவை எண்ணிப் போடுவேன்ணே, தராசு பிடிக்கத்தான் கை நடுங்குது" என்றார். நூல் மில்லுக்குப் போகிறவர்களுக்கும் வேலை இல்லை. 2020-ல் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் வந்தது. 2021-ல் இரண்டு தவணையாக நாலாயிரமும், பதினாலு வகை மளிகைப் பையும் வந்தது. பெரிய உபகாரம்தான். ஆனால் இரண்டு தவணைக்கு நடுவில் இருக்கிற நாளெல்லாம் சாப்பிடணுமே?

சாப்பிட வைத்தது அண்ணாச்சி கடை நோட்டு. நீளமான, அட்டை பிய்ந்த கணக்கு நோட்டு. மாஸ்டர் வீட்டுச் சீட்டு வரும். சாமான் போகும். நோட்டில் ஒரு வரி ஏறும். 2021 மே 24-லிருந்து பலசரக்குக் கடையையே திறக்கவிடவில்லை. ஒரு வாரம் கழித்து, போனில் ஆர்டர் வாங்கி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று விட்டார்கள். பட்டணத்தில் அதற்கு ஆப் இருந்தது. எங்களுக்கு அண்ணாச்சி மகனும் ஒரு சைக்கிளும். யாரிடமும் ஆதார் கேட்கவில்லை, ஈடு கேட்கவில்லை. "ஆளு தெரியும்ல?" என்பதுதான் ஒரே ஜாமீன்.

முடக்கமெல்லாம் தீர்ந்தது. பந்தி திரும்பியது, 'இன்னும் கொஞ்சம் ரசம்' திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை கறி ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பியது. திரும்பாதது இரண்டு. ஒன்று, தூக்குவாளி. இன்னொன்று, அண்ணாச்சி கடைக்கு முழுச் சீட்டு.

துண்டுச் சீட்டு எழுதும் பழக்கம் தங்கிவிட்டது. ஆனால் சீட்டு இப்போது திண்டுக்கல் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறுகிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இனாம். காசு கொடுப்பதும் செல்போனில். 2020 மார்ச்சில் யு.பி.ஐ. வழியாக நாடு முழுக்க மாதத்துக்குச் சுமார் 125 கோடி தடவை பணம் கைமாறியது. 2023 ஆகஸ்டில் அது ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. அண்ணாச்சியும் க்யூ.ஆர். அட்டை மாட்டி வைத்திருக்கிறார். டொய்ங் என்று சத்தம் போட்டு, வந்த பணத்தைச் சொல்லும். எல்லாம் சரி. கணக்கில் காசு இல்லாத அன்றைக்கு அந்த அட்டை ஒன்றும் சொல்லாது. பேசாமல் சாமானை நிறுத்துப் போட, நோட்டு வைத்திருக்கிற மனுஷன்தான் வேணும்.

போன மாதம் அவரிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, அந்தக் கொரோனா நோட்டுல இன்னும் எவ்வளவு நிக்குது?"

"கொஞ்சம் நிக்குது சார். அத விடுங்க, கடன் வச்சவன் வந்துருவான். மாஸ்டர் மாசா மாசம் வந்து கழிச்சிட்டுப் போறாரு" என்றார். புளியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "ரொக்கம் வச்சிருக்கறவந்தான் சார் வர்றதில்ல."

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று எந்த ஜோசியருக்கும் தெரியாது. வந்தால் சூப்பர் மார்க்கெட் ஷட்டரை இறக்கும், பஸ் நிற்கும். அன்றைக்கு நம் தெரு முனையில் ஒரு கடை இருக்கணும் என்றால், நோயில்லாத நாளில் அதற்கு வியாபாரம் இருக்கணும். ஆகவே இந்த மாசச் சீட்டில் பாதியையாவது உங்கள் தெரு அண்ணாச்சியிடம் கொடுத்துப் பாருங்கள். அங்கே ஒன்று வாங்கினால் ஒன்று இனாம் கிடையாது.

கருவேப்பிலை மட்டும் சும்மா தருவார்.