கொடுத்தவர் பெயர் தெரிந்தது, கைமாறு என்ன?

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தேர்தல் பத்திரத் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று பாரத ஸ்டேட் வங்கி மன்றாடியது. நீதிமன்றம் மறுத்தது. நான்கு மாத வேலை என்று வங்கி சொன்னது, பத்தே நாட்களில் பத்திர எண்கள் உட்பட முடிந்துவிட்டது. யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி பணமாக்கியது என்ற பட்டியல் நாட்டு மக்களின் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? எந்த அமைச்சரும் பதில் சொல்லவில்லை. எந்த ஒப்பந்தமும் மறுஆய்வுக்கு வரவில்லை. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கக் கோரிய மனுக்களை 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றமே ஏற்க மறுத்தது. கொடுத்தவர் பெயர் தெரிந்துவிட்டது. கொடுத்ததற்கு என்ன கைமாறு என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. இந்தியாவில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய சட்டக் கடமை அரசுக்கு இல்லை என்பதுதான் இதன் அடிப்படைக் காரணம்.

ரகசியத்தையே சட்டமாக்கினார்கள்

தேர்தல் பத்திரம் நிதி மசோதாவுக்குள் வைத்துக் கொண்டுவரப்பட்டது. மாநிலங்களவையால் தடுக்க முடியாதபடி 2017இல் அது பண மசோதாவாக நிறைவேறியது. ரிசர்வ் வங்கி முன்கூட்டியே எதிர்ப்புத் தெரிவித்தது. இது பின்னோக்கி இழுக்கும் நடவடிக்கை என்று தேர்தல் ஆணையம் எழுத்துபூர்வமாக எச்சரித்தது. இரண்டும் ஒதுக்கித் தள்ளப்பட்டன. ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தரக்கூடாது என்ற வரம்பும் நீக்கப்பட்டது. நட்டத்தில் ஓடும் கம்பெனியும், பெயருக்கு மட்டும் இருக்கும் கம்பெனியும் கோடிகளைக் கொட்டலாம் என்றானது.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு திருத்தமும் உண்டு. லண்டனில் பதிவான வேதாந்தா குழுமத்தின் துணை நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதன் மூலம் காங்கிரசும் பாஜகவும் அந்நிய நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறியதாக 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் துணை நிறுவனங்களில் ஒன்று, தூத்துக்குடி மக்கள் நன்கறிந்த ஸ்டெர்லைட். தவறு செய்தவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதற்கு மாறாக, சட்டமே திருத்தப்பட்டது. 2018 நிதி மசோதாவோடு சேர்த்து, விவாதமே இல்லாமல், 1976 முதல் பின்தேதியிட்டு அந்த மீறல் நியாயமாக்கப்பட்டது.

30 கட்டங்களில் விற்கப்பட்ட பத்திரங்களின் மதிப்பு சுமார் 16,518 கோடி ரூபாய். இதில் 2019 ஏப்ரல் 12க்குப் பிந்தைய விற்பனைக்கு மட்டுமே வாங்கியவர் பட்டியல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் பாஜக மட்டும் பெற்றது சுமார் 6,060 கோடி. கட்சிகள் பணமாக்கிய மொத்தத் தொகையில் ஏறத்தாழ பாதி. அடுத்த இடங்களில் திரிணாமுல் காங்கிரசும் காங்கிரசும் இருந்தன. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே பணம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

டெல்லி மதுபானக் கொள்கை வழக்கில் அரபிந்தோ பார்மா நிறுவனத்தின் இயக்குநர் ஒருவரை 2022 நவம்பர் 10 அன்று அமலாக்கத்துறை கைது செய்தது. ஐந்தே நாட்களில் அந்த நிறுவனம் 5 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது. அதைப் பணமாக்கிய கட்சி பாஜக. பின்னர் அந்த இயக்குநர் அப்ரூவர் ஆனார். இந்தத் தேதிகளுக்கிடையே தொடர்பு உண்டா என்பதை விசாரித்துச் சொல்ல வேண்டியவர்கள் மௌனம் காக்கிறார்கள்.

மார்க்சிஸ்ட் கட்சியும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் பத்திரத்தின் மூலம் ஒரு ரூபாயும் பெறவில்லை. திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒருவர். ஆகவே இக்கேள்வியை எழுப்பும் தார்மீக உரிமையும், விடாமல் எழுப்ப வேண்டிய கடமையும் இடதுசாரிகளுக்கு உண்டு.

வால்மார்ட் விவகாரம் தந்த பாடம்

நன்கொடை என்பது கதவைத் திறக்கும் சாவி. திறந்த கதவுக்குள் நடப்பதற்குப் பெயர் லாபி. அதைப் பதிவு செய்யவோ வெளியிடவோ இந்தியாவில் சட்டமே கிடையாது.

2012 செப்டம்பரில் மன்மோகன் சிங் அரசு பலசரக்குச் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய நேரடி முதலீட்டை அனுமதித்தது. செப்டம்பர் 20 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. டிசம்பர் 5 அன்று மக்களவையில் இந்த முடிவுக்கு எதிரான தீர்மானம் 218க்கு 253 என்ற வாக்குகளில் தோற்கடிக்கப்பட்டது. மாநிலங்களவையிலும் அதே முடிவு. வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களில் ஒரு செய்தி வெளியானது. 2008 முதல் லாபிக்காக வால்மார்ட் செலவிட்ட சுமார் 2.5 கோடி டாலரில், இந்தியச் சந்தைக்குள் நுழைவதும் ஒரு பொருளாக இருந்தது என்பதே அது. இந்த விவரம் வெளிவந்தது அமெரிக்க செனட்டில் அந்த நிறுவனமே தாக்கல் செய்த அறிக்கைகளிலிருந்து. இந்திய அதிகாரிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று வால்மார்ட் மறுத்தது. நீதிபதி முகுல் முட்கல் தலைமையில் அமைக்கப்பட்ட ஒரு நபர் குழுவோ திட்டவட்டமான முடிவு எதற்கும் வராமலே முடிந்தது.

தன் நாட்டின் சில்லறை வணிகத்தைக் குறிவைத்து நடந்த வேலையை இந்தியக் குடிமகன் அமெரிக்கச் சட்டத்தின் தயவில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது! இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

இதற்காக அமெரிக்க முறையைக் கொண்டாட வேண்டியதில்லை. அங்கே லாபிக்காரர்கள் பதிவு செய்துகொண்டே நாடாளுமன்றத்தை வளைக்கிறார்கள். தரகர்களுக்கு உரிமம் கொடுத்துவிட்டால் தரகு புனிதமாகிவிடாது. எனவே வெளிப்படைத்தன்மையின் கடமையை முதலில் சுமத்த வேண்டியது அரசின் மீதுதான். யாரைச் சந்தித்தீர்கள், அவர்கள் என்ன கேட்டார்கள், மசோதாவில் எந்த வரி யாருடைய கோரிக்கையால் நுழைந்தது என்று அமைச்சரும் செயலாளரும் சொல்லியாக வேண்டும்.

யாருக்குக் கதவு திறக்கிறது?

அரசு, தொழிற்சங்கங்கள், முதலாளிகள் ஆகிய முத்தரப்பும் அமரும் இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015 ஜூலைக்குப் பிறகு கூட்டப்படவே இல்லை. இந்த இடைவெளியில்தான் 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகச் சுருக்கப்பட்டன. அவற்றில் மூன்று, 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையில் இல்லாதபோது நிறைவேறின. மசோதா வரைவை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற 2014ஆம் ஆண்டின் கொள்கை இருந்தும், வேளாண் சட்டங்கள் அவசரச் சட்டங்களாகப் பிறந்தன. டெல்லி எல்லையில் ஓராண்டு அமர்ந்த பிறகே விவசாயிகளின் குரல் அரசின் காதில் விழுந்தது. கார்ப்பரேட் பிரதிநிதிக்கு அப்படிக் காத்திருக்க வேண்டிய நிலை என்றும் வந்ததில்லை.

கேள்வி கேட்பதற்கான கருவியும் மழுங்கடிக்கப்படுகிறது. 2019 திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் ஒன்றிய அரசின் கைக்கு மாற்றியது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவையே மாற்றி எழுதியது. பொதுநலன் கோரினால் தனிநபர் சார்ந்த தகவலையும் தரலாம் என்று அப்பிரிவில் இருந்த வாசகம் நீக்கப்பட்டது. 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே என்கிறது அரசு. அப்படியானால் இருந்ததை ஏன் நீக்க வேண்டும்? ஒப்பந்ததாரர் பெயரும், அதிகாரியின் சொத்தும், ரேஷன் பட்டியலின் மோசடியும் இனி தனிநபர் தகவல் என்ற திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

கோர வேண்டியவை

பத்திரம் வாங்கிய நிறுவனங்களுக்குக் கிடைத்த ஒப்பந்தங்கள், சலுகைகள், கைவிடப்பட்ட வழக்குகள் குறித்து நீதிமன்றக் கண்காணிப்பில் விசாரணை வேண்டும். அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் நிறுவனப் பிரதிநிதிகளைச் சந்தித்த விவரங்களை வெளியிடுவது சட்டக் கடமையாக வேண்டும். 2014 கலந்தாலோசனைக் கொள்கைக்குச் சட்ட வலு வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் மீதான இரண்டு திருத்தங்களும் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கட்சிகளுக்கு கார்ப்பரேட் நிதி தடை செய்யப்பட வேண்டும். பத்திரம் போனாலும் தேர்தல் அறக்கட்டளைகள் இருக்கின்றன. பல நிறுவனங்களின் பணம் ஒரே பையில் கலந்து கட்சிகளுக்குப் போகும்போது, எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பது மீண்டும் மறைந்துவிடுகிறது. தேர்தல் செலவுக்கு அரசே பணமாக அல்லாமல் பொருளாக உதவ வேண்டும் என்று இந்திரஜித் குப்தா குழு 1998இலேயே பரிந்துரைத்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த அறிக்கை தூசி படிந்து கிடக்கிறது.

ஆளும் வர்க்கக் கட்சிகள் இந்தக் கதவைத் தாமாக மூடமாட்டா. விலைவாசி, வேலையின்மை, தனியார்மயம் ஆகியவற்றுக்கு எதிரான ஒவ்வொரு போராட்ட மேடையிலும் இக்கேள்வி எழ வேண்டும். மருந்து விலை ஏறும்போதும், சுரங்கம் கைமாறும்போதும், அரசு நிலம் குத்தகைக்குப் போகும்போதும், இதில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று உழைக்கும் மக்கள் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்லாமல் தப்பிக்க எந்த அரசாலும் நெடுநாள் முடியாது.