பிள்ளைகள் சின்னப் பெரியாக்கள் இல்லை

குருதிச் சிறுதட்டுகளை 20–24 பாகை செல்சியசில் வைக்கவேணும். அந்த வெப்பத்தில் பக்ரீரியாவும் வளரும். அதனால்தான் அமோட்டோசலினும் புறவூதாக் கதிரும் கொண்டு கிருமிகளை முடக்குகிறார்கள். சுவிற்சர்லாந்து 2011இலும் பிரான்ஸ் 2017இலும் நாடு முழுக்க இதற்கு மாறின. நல்ல விசயம்தான்.

ஆனால் "பாதுகாப்பு நிரூபிக்கப்பட்டது" என்பவர்களிடம் ஒரு கேள்வி: ஆரில் நிரூபித்தீர்கள்? பெரிய பரிசோதனைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். அவர்களிலேயே எண்ணிக்கை குறைவாகத்தான் ஏறியது; கூடுதல் தடவை ஏற்றவேண்டி வந்தது. ஒரு குழந்தைக்கு அது இன்னொரு பை, இன்னொரு கொடையாளரின் குருதி. மஞ்சட்காமாலைக்காக, உச்ச அலைநீளம் 425 நனோமீற்றருக்குக் குறைந்த விளக்கின் கீழ் கிடக்கும் பச்சைப்பிள்ளைக்கு இதை ஏற்றக்கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார்.

கிருமிப் பயத்தைக் காட்டிக் கேள்வியை மூடாதேங்கோ. பிள்ளைகளின்ர கணக்கைத் தனியா எழுதுங்கோ.