காயலுக்குப் போகுமுன் சில கேள்விகள்

சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வந்தால் போதும். மடிவாளாவில் இரவு பஸ்களுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், ஊர் திரும்பும் மலையாளிகளோடு ஆலப்புழையில் படகு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்ட பெங்களூர்க் குடும்பங்களும் நிற்கும். கொச்சி வரை சுமார் 550 கிலோமீட்டர். அதற்கப்பால் காயல், தென்னை, கரிமீன், ஓய்வு.

தண்ணீரைப் பார்க்க இவ்வளவு தூரம் போகவேண்டியிருப்பது ஒரு நகைமுரண். பெங்களூர் ஒரு காலத்தில் ஏரிகளின் ஊர். இன்றைய மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரியின் மேல் நிற்கிறது. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியின் மேல். மிஞ்சியவற்றில் பெரியதான பெல்லந்தூர் ஏரியில் வீடுகளின் கழிவுநீர் சேர்ந்து நுரை பொங்கியது. 2015லும் 2017லும் 2018லும் அங்கே தீயே பிடித்தது. ஓர் ஏரி எப்படிச் சாகும் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் வேம்பநாட்டுக் காயலில் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்பது முக்கியமான விஷயம்.

படகு வீடு பழைய பொருளின் புதிய அவதாரம். குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்த கெட்டுவள்ளம்தான் அது. அயினிப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் கட்டப்படும். பாலங்களும் லாரிகளும் வந்ததும் வள்ளங்களுக்கு வேலை போயிற்று. 1990களின் தொடக்கத்தில் அவற்றின் மேல் மூங்கில் கூரையும் படுக்கையறையும் ஏறின. பலருக்குப் பிழைப்பும் திரும்பி வந்தது. இன்று பல நூறு படகு வீடுகள், ஒவ்வொன்றிலும் சமையலறை, கழிப்பறை, டீசல் என்ஜின்.

சிக்கல் பருவத்தில் இருக்கிறது. குட்டநாட்டு வயல்கள் பல கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பவை. உப்புநீர் புகாமல் காக்க 1970களில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டினார்கள். வழக்கமாக டிசம்பர் வாக்கில் மதகுகள் மூடப்பட்டால் திறக்கச் சில மாதங்கள் ஆகும். அந்நாட்களில் அணைக்குத் தெற்கே, அதாவது ஆலப்புழைப் பக்கம், கடலின் ஏற்ற இறக்கம் காயலைக் கழுவிவிடுவதில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம் வந்து குவிவதும், வாடகை எகிறுவதும் அப்போதுதான். படகிலிருந்து விழும் எதுவும் அங்கேயே கிடக்கும். 2002ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட காயலின் நிலை இது. கரையில் வசிப்பவர்கள் துணி துவைப்பதும் மீன் பிடிப்பதும் இதே நீரில்தான். சுற்றிலும் நீர் இருந்தும் குடிநீருக்குத் திண்டாடுவது குட்டநாட்டின் நீண்ட நாள் துயரம்.

எனவே முன்பதிவு செய்கிறவர்கள் சாப்பாட்டுப் பட்டியலுக்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. கழிப்பறைக் கழிவுக்குத் தொட்டி இருக்கிறதா, அதை எங்கே காலி செய்கிறார்கள்? கேரள சுற்றுலாத் துறையின் தரச் சான்று உண்டா? பதிவுச் சான்று நடப்பில் உள்ளதா, அதில் எத்தனை பேருக்கு அனுமதி, அத்தனை பேருக்கும் உயிர்காப்பு உடை இருக்கிறதா? கடைசிக் கேள்வி சம்பிரதாயமல்ல. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு ஓடிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

படகு வீடுகள் மாலை ஐந்தரை மணியளவில் கரை ஒதுங்கிவிட வேண்டும். இரவு மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். "காசு கொடுத்தும் படகு ஓடவில்லையே" என்று பலர் ஓட்டுநரோடு சண்டை போடுவது இதற்காகத்தான். நண்பகலில் ஏறி மறுநாள் காலையில் இறங்கும் பயணத்தில் படகு நகர்வது சில மணி நேரமே என்பதைத் தெரிந்துகொண்டு போனால் சண்டை மிச்சம். ஏ.சி. இரவில் மட்டுமா, ஜெனரேட்டர் சத்தம் எப்படி என்பதையும் முன்பே கேட்டுவிடலாம்.

படகு வீடுதான் வேண்டும் என்றும் இல்லை. பெங்களூர்–கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் கோட்டயம். அங்கிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஆலப்புழைக்குப் போகும். கட்டணம் சொற்பம், சந்தைக்கும் வேலைக்கும் போகிறவர்கள்தான் சகபயணிகள். இதே துறை 2017ல் வைக்கத்தில் நாட்டின் முதல் சூரிய சக்திப் பயணிகள் படகான 'ஆதித்யா'வை ஓடவிட்டது. ஆலப்புழை சேர்ந்த பிறகு, துடுப்பு போடும் சிறு வள்ளம் ஒன்றை அமர்த்திக்கொண்டால், பெரிய படகு வீடுகள் நுழைய முடியாத குறுகிய கால்வாய்களில் சத்தமில்லாமல் போய்வரலாம்.

டிசம்பரைத் தவிர்த்து, கனமழை ஓய்ந்து மதகுகள் திறந்திருக்கும் செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தால் கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு. கழிவுத் தொட்டி பற்றிப் பத்துப் பேர் கேட்டால் படகுக்காரர் சிரிப்பார். வருகிற எல்லோரும் கேட்டால் தொட்டியைச் சரிசெய்வார். பெல்லந்தூருக்காக அப்படிக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.