இல்லம் பேணுவோம்: கழிவுநீர்க் குழாயின் நோயும் குறியும்

சென்ற திங்கள் இப்பகுதியில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைத் துலக்கும் முறை பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் சிலர் சங்கத்துக்கு வந்து, “தொட்டியைத் துலக்கிவிட்டோம். ஆனால் அதற்கு நாலடி தள்ளிச் சாக்கடைக் குழாய் போகிறதே, அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எப்படி அறிவது?” என்று வினவினர். கேட்க வேண்டிய கேள்விதான். கண்ணுக்குத் தெரியும் சுவருக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிக்கிறோம். மண்ணுக்குள் இருக்கும் குழாயை, அது நம் முற்றத்தில் பொங்கி வழியும் வரை நினைப்பதில்லை. அவ்வாறு நினையாமல் இருந்து நாம் பட்டதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஜோகுபாளையத்தில் நாம் வாழும் இடத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றிக் கீழும் மேலுமாக ஆறு குடித்தனங்கள். ஒரு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்வீடு ஒன்றின் குளியலறைச் சல்லடை வழியே கருநீர் எழுந்தது. மேல்மாடியார் குளித்தால் இங்கே நீர் ஏறும். அவர்கள் குழாயை மூடினால் மெல்ல வடியும். ஆகவே பழி மேல்மாடியார் தலையில் விழுந்தது. சோற்றுப் பருக்கையைக் கொட்டினார்கள், தலைமயிரை விட்டார்கள் என்று மூன்று நாள் வாய்ச்சண்டை. இடையில் நான்கு புட்டி ஆசிட்டும் ஊற்றப்பட்டது. பயன் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் வீட்டுக்காரர் ஓர் ஆளை அழைத்து வந்தார். வாசலுக்கு அருகேயுள்ள கடைசிச் சேம்பரில் இறங்கி அடைப்பை எடுத்துவிடுவதாகப் பேச்சு. கூலி பேசி, ஆறு குடித்தனமும் பங்கு போட்டுக் கொடுத்தோம். நம் பங்கையும் கொடுத்தோம் என்பதை மறைக்கவில்லை.

அவர் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது எதிர்வீட்டுப் பாட்டியம்மாள் வாசலுக்கு வந்து, “ஏம்ப்பா, உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இதுல இறக்குவீங்களா?” என்று கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. “அரை மணி வேலைதாம்மா, இறங்கிடறேன்” என்று அந்த மனிதரே சொன்னார். பாட்டியம்மாள் நகரவில்லை. “அடைப்பு எங்கே இருக்குன்னு முதல்ல பாருங்க. அப்புறம் பேசலாம்” என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் நாம் அறிவைப் பயன்படுத்தினோம். முற்றத்திலிருந்த மூன்று சேம்பர் மூடிகளையும் நெம்புகோலால் திறந்து பார்த்தோம். மூன்றும் வாய்வரை நிரம்பியிருந்தன. பக்கத்துக் காம்பவுண்டிலும் அதே நிலை. அடைப்பு நம் எல்லைக்குள் இல்லை, தெருக் குழாயில் இருக்கிறது என்பது அப்போதே தெளிவாயிற்று. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு 1916 என்னும் எண்ணில் சொன்னோம். மறுநாள் நண்பகல் இயந்திர வண்டி வந்தது. நீரைப் பீய்ச்சித் தெருக் குழாயைத் திறந்த கால்மணி நேரத்தில் நம் மூன்று சேம்பர்களும் தாமே வடிந்துவிட்டன. முந்தைய நாள் அந்த மனிதர் இறங்கியிருந்தால், எடுப்பதற்கு அந்தக் குழியில் ஒன்றுமே இருந்திராது. இல்லாத அடைப்பைத் தேடி ஓர் உயிர் போயிருக்கக்கூடும். பேசிய கூலியை அவரிடம் கொடுத்தோம். காப்பி அருந்திவிட்டுச் சென்றார். அன்று நாம் கற்றதை அன்பர்களுக்கும் கூறுகிறோம்.

குழாயின் அமைப்பு

வீட்டுக் கழிவுநீர் எந்த விசையாலும் தள்ளப்படுவதில்லை. சரிவினால் மட்டுமே ஓடுகிறது. நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடியும், ஆறு அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு ஓரடியும் சரிவு வைப்பது நெடுநாளைய வழக்கு. இரயிலில் மங்களூர் சென்ற அன்பர்கள் சக்லேஷ்பூர், சுப்ரமண்யா இடையே உள்ள மலைப்பாதையை அறிவார்கள். கூடுதல் எஞ்சின் கோத்து ஏறும் அப்பாதையின் ஏற்றம் 50 அடிக்கு ஓரடி. நம் குளியலறைக்குக் கீழே இருக்கும் குழாயோ அதைவிடச் சரிவானது. மண் தாழ்ந்து அச்சரிவு ஓரிடத்தில் குலைந்தால், நீர் ஓடிவிடும். கசடு அங்கேயே தங்கிவிடும். அடைப்பின் பிறப்பிடம் பெரும்பாலும் அதுவே.

ஒவ்வொரு வாயிலுக்கும் கீழே வளைந்த ஒரு பொறி உண்டு. கொத்தனார்கள் அதை டிராப் என்பார்கள். அதில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் நீர் எப்போதும் நிற்கும். சாக்கடைக் காற்றுக்கும் நம் வீட்டுக்கும் இடையே உள்ள கதவு அந்த இரண்டு அங்குல நீர்தான். கோடை விடுமுறைக்கு ஊர் சென்று ஒரு திங்கள் கழித்துத் திரும்பினால் வீடு நாறுகிறதே, அதற்குக் காரணம் அந்த நீர் வற்றியதாக இருக்கலாம். அடைப்பு என்று அஞ்சி ஆளைத் தேட வேண்டா. ஒவ்வொரு சல்லடையிலும் ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். நாற்றம் நின்றால் நோய் அவ்வளவே.

குறிகளை அறிதல்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: ஓரிடத்தில் மட்டும் நீர் தேங்குகிறதா, பல இடங்களிலா? சமையலறைத் தொட்டி மட்டும் வடியவில்லை என்றால் குறை அதன் டிராப்பிலோ, அதிலிருந்து புறப்படும் கிளைக் குழாயிலோ இருக்கும். எண்ணெயும் நெய்யும் சூடாக இறங்கிக் குழாய்க்குள் குளிர்ந்து கட்டிப்படுகின்றன. காப்பித்தூளும் பருக்கையும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பல இடங்களில் ஒருசேரத் தேங்கினால் குறை பொதுக் குழாயில் உள்ளது. அப்போது நீர் வெளிப்படும் இடம், இருப்பவற்றுள் மிகத் தாழ்ந்த வாயிலாகவே இருக்கும். எனவே கீழ்வீட்டில் எழும் நீருக்கு மேல்வீட்டாரைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் தவறு. நீர் அவர்களுடையது, அடைப்பு எல்லார்க்கும் பொது.

இரண்டாவது குறி, ஒலி. கழிப்பறையில் நீர் விடும்போது குளியலறைச் சல்லடை ‘களக் களக்’ என்று ஓசையிட்டால், காற்று செல்ல வழியின்றித் திணறுகிறது என்று பொருள். பாதி அடைப்பாக இருக்கலாம். அல்லது மாடிக்கு மேல் நிற்கும் காற்றுக் குழாயின் வாய் பறவைக் கூட்டினாலோ, புதிதாக எழுப்பிய அறையினாலோ மூடப்பட்டிருக்கலாம். பொங்கி வழிவதற்குப் பல நாள் முன்பே இவ்வொலி கேட்கும். அதைப் பொருட்படுத்தினால் பெருஞ்செலவு மிஞ்சும்.

மூன்றாவது, திரும்பத் திரும்ப வருதல். சுத்தம் செய்த இரண்டொரு திங்களில் அதே இடம் மீண்டும் அடைபட்டால், வேரை ஐயுறுக. பழைய வீடுகளில் மெருகிட்ட மண்குழாய்களே புதைக்கப்பட்டன. இரண்டடிக்கு ஒரு மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் சிமெண்டுப் பூச்சு. பூச்சில் மயிரிழை விரிசல் கண்டாலும், ஈரத்தைத் தேடும் வேர் உள்ளே நுழைந்து சல்லடைபோல் படர்ந்துவிடும். குத்துக்கழியால் அதை அறுக்கலாம்; அது மீண்டும் வளரும். மூட்டை மாற்றுவதே மருந்து.

நான்காவது, மண். காரணமின்றித் தரை ஒரு பக்கம் தாழ்தல், கல் பாவிய இடம் ஆடுதல், கோடையிலும் ஒரு மூலை மட்டும் பசேலென்றிருத்தல், எலியும் கரப்பும் ஓரிடத்திலிருந்தே வருதல் ஆகியவை உடைந்த குழாயைக் காட்டும்.

மூடி திறந்து பார்த்தல்

அடைப்பு எங்கே என்பதைச் சேம்பர்களே சொல்லும். வீட்டுக்கு அருகிலிருப்பதை ஒன்று என்றும், தெருவை நோக்கி இரண்டு, மூன்று என்றும் கொள்க. மூன்றும் உலர்ந்திருக்க வீட்டுக்குள் நீர் தேங்கினால், அடைப்பு வீட்டுக்கும் முதற் சேம்பருக்கும் இடையில். முதலாவது நிரம்பி இரண்டாவது உலர்ந்திருந்தால், அவ்விரண்டுக்கும் இடையில். மூன்றும் நிரம்பியிருந்தால் தெருப்பக்கம். இரயில் பாதையில் பழுது கண்டால் எந்த இரு நிலையங்களுக்கு இடையில் என்று முதலில் வரையறுப்பார்கள், இதுவும் அம்முறையே.

குழாய் சுத்தமானபின் அது நேராக இருக்கிறதா என்று பார்க்கவும் எளிய வழி உண்டு. ஒரு சேம்பரின் குழாய் வாயில் கழியில் கட்டிய மின்விளக்கைப் பிடித்து, அடுத்த சேம்பரில் நீண்ட கைப்பிடியுள்ள கண்ணாடியைச் சாய்த்து நோக்குக. முழு வட்டமாக ஒளி தெரிந்தால் குழாய் செவ்வையானது. பிறைபோல் தெரிந்தால் இடையில் தாழ்வோ கசடோ உண்டு. இவை யாவும் மேலே நின்றபடியே செய்யத்தக்கவை. மூடியைத் திறந்தவுடன் குனிய வேண்டா. சற்று விலகி நின்று காற்றுப் போகவிடுக. தீக்குச்சி, பீடி, சிகரெட்டு அருகே கூடா. எரியும் வாயுவும் அங்கே உண்டு. குழந்தைகளை அப்புறப்படுத்தி, வேலை முடிந்ததும் மூடியை இறுகப் பொருத்துக.

ஆசிட்டைப் பற்றி ஒரு சொல். சேம்பருக்கு அப்பாலுள்ள அடைப்பை அது அணுகுவதே இல்லை. அதனோடு பிளீச்சிங் தூளும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். பின்னர் வேலை செய்ய வருபவரின் கையையும் கண்ணையும் அது சுடும்.

குடிநீருக்கு வரும் கேடு

1854-ஆம் ஆண்டு இலண்டனில் பிராடு வீதி வட்டாரத்தில் காலரா தோன்றி 600 பேருக்கு மேல் மாண்டனர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் அவ்வீதியின் அடிபம்புதான் காரணம் என்று காட்டினார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டின் கழிவுக் குழியும் வடிகாலும் செங்கல் சிதைந்து, கிணற்றுக்குச் சுமார் மூன்றடி தூரத்தில் கசிந்துகொண்டிருந்தன. அக்கேட்டுக்கு ஒரு வீட்டின் பழுதான சாக்கடை போதுமானதாக இருந்தது.

நம் வீடுகளிலும் அந்நிலை நேரக்கூடும். காவிரி நீர் 1974-இல் பெங்களூர் வந்தது. ஆயினும் நம் தெருக்களில் அது குறித்த நேரத்தில்தான் திறக்கப்படுகிறது. நீர் நின்ற வேளையில் வெறுமையான குழாய் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சும். அருகே சாக்கடை கசிந்தால் அதுவே உள்ளே செல்லும். திறந்தவுடன் வரும் நீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்தால் அதைத் தொட்டிக்குள் விடாதீர்கள். உடனே புகார் செய்யுங்கள். தொட்டியின் சுவரில் புதிய ஈரக்கறை கண்டாலும், ஒரே முற்றத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒருசேர வயிற்றுப்போக்கு கண்டாலும், கொதிக்கவைக்காத நீரை எவரும் அருந்தலாகாது. டைபாய்டும் மஞ்சட்காமாலையும் இவ்வழியிலேயே வருகின்றன.

மாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்ப்பதும் தவறு. அக்குழாய் அவ்வளவு நீருக்காக அமைக்கப்பட்டதன்று. ஒரு பெருமழையில் மேட்டு வீட்டாரின் மாடிநீர் பள்ளத்து வீட்டாரின் கழிப்பறையில் எழும். அவ்வாறே கழிவுநீர் மழைநீர்க் கால்வாயில் கலந்தால் ஏரிக்குப் போகும். 2016 மார்ச்சில் நம் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆளை இறக்கலாகாது

சாக்கடைக் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு தங்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்தால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். ‘நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்’ என்று எண்ணும் நேரமே கொடிய நேரம். சில மூச்சில் மனிதர் விழுவார், காக்கப்போனவரும் விழுவார்.

பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுநீர்க் குழியிலும் கழிவுத் தொட்டியிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதற் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் என்று 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. இம்மரணங்கள் இன்னும் நின்றபாடில்லை. ‘வீட்டுக்காரர்தானே அழைத்தார்’ என்று குடியிருப்பவர் ஒதுங்கிவிட முடியாது. கூலியில் பங்கு கொடுத்தவருக்குப் பழியிலும் பங்கு உண்டு.

ஆதலின் அன்பர்களே, வரும் ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முற்றத்தில் எத்தனை சேம்பர், நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, குடிநீர்க் குழாய் எவ்வழியே வருகிறது என்று ஒரு தாளில் வரைந்து, மின்மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கீழே 1916 என்னும் எண்ணையும் எழுதுங்கள். வீட்டுக்காரருக்கும் ஒரு படி கொடுங்கள். நாளை நீர் எழும்போது, யார் மீது குற்றம் என்ற பேச்சுக்கு முன்பு எங்கே அடைப்பு என்ற கேள்வி எழ அது உதவும்.

அடுத்த திங்கள், மாடி மழைநீரைத் தனியே சேமிக்கும் முறை பற்றி எழுதுவோம்.