பக்கவாத்தியக்காரனுக்குப் பங்கில்லையா?

கலை மக்களுக்கு உரியது என்று ஓயாது கூறிவருபவர்கள் நாம். அந்தக் கோட்பாட்டையே எடுத்துவந்து நம்மிடம் வாதிடும் சிலரை இப்போது காண்கிறோம். நல்ல தாளம் காற்றைப் போன்றது, அதற்கு உடைமையாளன் எவன் என்பது அவர்களது கேள்வி. கேட்க இனிக்கிறது. ஆனால், கிறெகரி கோல்மன் என்ற வாத்தியக்காரனின் கதையை அறிந்தோர் இதனை இவ்வளவு எளிதாகக் கேட்கமாட்டார்கள்.

வாஷிங்டன் நகரிலிருந்து இயங்கிய 'வின்ஸ்டன்ஸ்' என்னும் சோல் இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர் கோல்மன். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த குழு அது. 1969இல் மெற்றோமீடியா கம்பனி அவர்களது 'கலர் ஹிம் ஃபாதர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. போரிலே தந்தையை இழந்த பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக ஏற்று உழைக்கும் ஒரு மனிதனைப் பற்றிய பாட்டு. வியட்நாமிலிருந்து சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்த காலமாகையால் அமெரிக்க வீடுகள் அதனைத் தமது கதையாகவே கேட்டன. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. பாட்டை இயற்றிப் பாடிய றிச்சர்ட் ஸ்பென்சருக்கு 1970இல் கிராமி விருது கிடைத்தது. அதே பெயரில் ஒரு நெடுந்தட்டும் வந்தது. இன்று அதனைத் தேடிக் கேட்போர் மிகச் சிலரே.

எமது வழக்கு அந்தத் தட்டின் மறுபக்கத்தைப் பற்றியது. பின்பக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமென்று அவசரமாக வாசிக்கப்பட்ட 'ஆமென், பிரதர்' என்ற வாத்திய இசை அங்கே உள்ளது. தேவாலயப் பாட்டு ஒன்றின் மெட்டைத் தழுவியது. நடுவிலே ஏனைய வாத்தியங்கள் யாவும் ஓய, கோல்மன் தனியே நான்கு ஆவர்த்தனம் வாசிக்கிறார். முதலிரண்டும் ஒரே நடை. மூன்றாவதில் ஓர் அடி பிந்தி விழுகிறது. நான்காவதில் முதலடி வெறுமையாக விடப்பட்டு, தாளம் சறுக்கி, எதிர்பாரா இடத்தில் வெண்கலத் தட்டு அதிர்கிறது. எல்லாம் ஏழு வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. (நம்மவர் கச்சேரிகளில் தனியாவர்த்தனம் தொடங்கியதும் தேநீர் குடிக்க எழுந்து போகிறவர்களை நாம் அறிவோம். 'பக்கவாத்தியம்' என்ற சொல்லே வாசிப்பவனை ஓரத்தில் இருத்திவிடுகிறதல்லவா?)

அந்த ஏழு வினாடிகள் 1986இல் ஒரு தொகுப்புத் தட்டில் மீண்டும் வெளிவந்தன. ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்டும் மின்கருவி அப்போது இளைஞர் கைக்கு எட்டத் தொடங்கியிருந்தது. 1988இல் என்.டபிள்யூ.ஏ. குழு தமது புகழ்பெற்ற பாடலொன்றை அதன்மீது அமைத்தது. தொண்ணூறுகளில் பிரித்தானியாவில் எழுந்த 'ஜங்கிள்' இசை முழுவதுமே அத்தாளத்தை வேகப்படுத்தி, துண்டாடி, மறுபடி கோத்து எழுப்பப்பட்டதெனலாம். ஆயிரக்கணக்கான பதிவுகளில் அது ஒலிக்கிறது.

கோல்மனுக்கு ஒரு சதமும் வரவில்லை. பாட்டின் உரிமை ஸ்பென்சரின் பெயரில் இருந்தது. அவரும் 1996 வரை இதனை அறியார், அறிந்தபோது வழக்காடும் காலவரம்பு கடந்திருந்தது. தாளமோ பாட்டெனக் கணிக்கப்படுவதில்லை. சட்டம் மெட்டுக்கும் சொல்லுக்கும் உடைமையாளனைத் தேடுகிறது. கையும் காலும் கொண்டு உழைத்தவனைத் தேடுவதில்லை. அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் இயற்றியவனுக்குப் பணம் உண்டு, வாசித்தவனுக்கு இல்லை என்ற நியதி இன்றும் மாறவில்லை. 2006இல் அட்லாண்டா நகரில் கோல்மன் வீடின்றி, வறுமையில் இறந்தார்.

அத்தாளத்தின் அமைப்பைத் தாமே நெறிப்படுத்தியதாக ஸ்பென்சர் கூறியதுண்டு. குழுவின் மற்றொருவர் அது முழுக்கக் கோல்மனின் ஆக்கமே என்றார். நாம் இதிலே தீர்ப்பு வழங்க வரவில்லை. கூட்டாக உழைத்தவர்களுக்குக் கூட்டாக உரிமை இருந்திருந்தால் இச்சச்சரவே பிறந்திராது.

துண்டை எடுத்தாண்ட இளைஞர்களையும் நாம் கள்வரென்று ஏசமாட்டோம். அவர்களிற் பலர் கோல்மனைப் போலவே ஏழைகள். வாத்தியம் வாங்க வழியற்ற சேரிகளிலிருந்து புதிய இசையைப் படைத்தவர்கள். அவர்கள் எடுத்தது தவறன்று. அவர்களது தட்டுகளை விற்ற கம்பனிகள் ஒவ்வொரு பிரதிக்கும் கணக்கு வைத்திருந்தன. அந்தக் கணக்கிலே வாசித்தவனுக்கென ஒரு நிரல் இல்லாமற் போனதே தவறு. தாளம் காற்றைப் போன்றதாயின், கம்பனி அதனைப் புட்டியிலடைத்து விற்றபோது நம் நண்பர்கள் எங்கே போனார்கள்?

2015இல் பிரித்தானிய இசைத்தட்டாளர் ஒருவர் பொதுமக்களிடம் நிதி திரட்டி 24,000 பவுணை ஸ்பென்சரிடம் சேர்ப்பித்தார். பாடசாலை ஆசிரியராகத் தொழில் பார்த்து ஓய்வுபெற்றிருந்த அவர் நெகிழ்ந்து நன்றி கூறினார், 2020இல் காலமானார். கொடுத்தோரின் நல்லெண்ணத்தை நாம் குறைத்துப் பேசோம். ஆயினும் உண்டியல் வேறு, ஊதியம் வேறு. நாம் கேட்பது இரண்டாவதை. உண்டியல் குலுக்கப்பட்டபோது கோல்மன் இறந்து ஒன்பது ஆண்டுகளாகியிருந்தன.