எத்தனை டெராபைட் என்பது இரண்டாவது கேள்வி

பண்டிகைக் கால மலிவு விற்பனை தொடங்கிவிட்டால் எனக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஹாலில் டிவியோடு ஒரு கணினியை இணைத்து வீட்டையே தியேட்டர் ஆக்கப் போகிறேன். எத்தனை டெராபைட் வாங்கலாம்?" வானொலியில் பேசுகிறவர்களுக்குக் கணினியும் தெரியும் என்று நம்பும் நல்ல உள்ளங்கள் நம்மிடையே நிறைய உண்டு. நம்பிக்கையைக் கெடுப்பானேன்? தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வேகம். ஹார்ட் டிஸ்க் போதுமா, எஸ்எஸ்டி வேண்டுமா என்று பலர் குழம்புகிறார்கள். 4கே புளூ-ரே படத்துக்கு அதிகபட்சமாக நொடிக்கு 128 மெகாபிட், அதாவது 16 மெகாபைட் தேவை. இன்றைய சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் தரும். ஆகவே படங்களை அடுக்கி வைக்க விலை குறைந்த ஹார்ட் டிஸ்க்கே தாராளம். கணினியை இயக்கும் மென்பொருளுக்கு மட்டும் 250 அல்லது 500 ஜிகாபைட்டில் ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். பொத்தானை அழுத்தியதும் கணினி எழுந்து உட்காரும்.

அடுத்தது சத்தம். இது என் தொழில் சார்ந்த வியாதி. ஒலிப்பதிவு அறையில் பழகிய காதுக்கு, படத்தில் எல்லாரும் மௌனமாக நிற்கும் காட்சியில் ஹார்ட் டிஸ்க் 'கறக் கறக்' என்றால் கதையே போய்விடும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. எனவே ஹாலில் எஸ்எஸ்டி மட்டும் உள்ள சிறிய கணினி, ஸ்டோர் ரூமில் ஹார்ட் டிஸ்க்குகள் உள்ள சேமிப்புப் பெட்டி, இரண்டுக்கும் நடுவே நெட்வொர்க் கேபிள். வசதி இருந்தால் இதுதான் நல்ல ஏற்பாடு. பெட்டிக்குக் கொஞ்சம் காற்றோட்டம் மட்டும் கொடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் மூடிய அலமாரி அதற்கு அடுப்பு.

கடைக்குப் போகுமுன் இன்னும் இரண்டு செய்திகள். பெட்டியில் 4 டெராபைட் என்று இருக்கும், விண்டோஸ் 3.63 என்று காட்டும். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. அடுத்து, டிஸ்க் சிஎம்ஆர் வகையா, எஸ்எம்ஆர் வகையா என்று கேளுங்கள். எஸ்எம்ஆர், கூரை ஓடு போல ஒன்றன் மேல் ஒன்றாகத் தடங்களை எழுதும். ஒருமுறை எழுதிப் பலமுறை பார்க்கும் படங்களுக்குப் பரவாயில்லை. பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் பெட்டிக்குச் சிஎம்ஆர்தான் நல்லது.

இப்போது எத்தனை டெராபைட்? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதில் எதை மறுபடியும் வாங்க முடியாது?

திரைப்படம் போனால் மறுபடி வாங்கலாம். எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்த விஎச்எஸ் கேசட்டுகள் அப்படி இல்லை. தாத்தாவின் குரல் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது, மாமாவின் கல்யாண வீடியோவில். பந்தியில் நின்றுகொண்டு "அந்த இலைக்குச் சாம்பார் ஊத்துப்பா" என்கிறார். அவ்வளவுதான். நாள் முழுக்கக் குரலோடு வேலை செய்யும் எனக்கு, என் தாத்தாவின் குரலில் மிச்சம் அந்த ஒரு வரி.

நம் ஈரப்பதத்தில் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். அதைப் போட்டுப் பார்க்கும் கருவியோ இனி புதிதாக வராது; கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது. ஆகவே கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். டிவிடி தரத்தில் இரண்டு மணி நேரம் சுமார் 4.7 ஜிகாபைட். மூன்று மணி நேரக் கேசட் ஏறக்குறைய 7. இருபது கேசட் என்றாலும் 140 ஜிகாபைட்தான். 8 டெராபைட் டிஸ்க்கில் அது 2 விழுக்காடு கூட இல்லை. மறுபடி கிடைக்காதது கையளவு. மீதியெல்லாம் மறுபடி கிடைப்பது. ஆனால் நாம் பணத்தை எல்லாம் மீதிக்கே செலவழிக்கிறோம்.

"இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு செய்துவிட்டால் பத்திரம்தானே?" என்பார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும், உண்மை. ஆனால் பிள்ளைகள் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழையோடு வரும் இடி மின்னலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பிளக்கில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் அதற்கு ஒன்றுதான்.

ஊடகத் துறையில் படிக்கும்போதே எங்கள் காதில் ஏற்றிய பாடம்: ஒரே ஒரு பிரதி இருந்தால், பிரதியே இல்லை என்று வைத்துக்கொள். ஆகவே 8 டெராபைட் வாங்க நினைத்தால் 6 வாங்குங்கள். மிச்சப் பணத்தில் 1 டெராபைட் கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்று. கேசட்டுகள், குடும்பப் புகைப்படங்கள், கைப்பேசி வீடியோக்கள் எல்லாம் அதில். பிளக்கில் இருந்து கழற்றி, அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை எடுத்து, புதியவற்றைச் சேர்த்து, பழையவை திறக்கின்றனவா என்று பாருங்கள். இதற்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் உள்ள பதிவு மெல்லக் கரையக்கூடும்.

லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்புமுன், நாற்காலி போட்டு ஏறி உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டைப் பாருங்கள். எத்தனை டெராபைட் என்பதைப் பிறகு கடைக்காரரிடம் பேசிக்கொள்ளலாம்.