மிளகாயின் மீது சுமத்தப்பட்ட பழி

வயிற்றில் எரிச்சல் என்று ஒருவர் முறையிட்டால், காரத்தைக் குறைக்குமாறும், கவலையை விடுமாறும், வேளைக்கு உண்ணுமாறும் உபதேசிப்பது வழக்கமாகிவிட்டது. சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். இவ்வுபதேசத்தால் தீங்கு ஒன்றுமில்லை எனப் பலரும் கருதுகின்றனர். தீங்கு உண்டு. இரைப்பைப் புண்ணின் மெய்யான காரணம் விசாரிக்கப்படாமலே போய்விடுகிறது.

1979-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்னும் நிபுணர் இரைப்பைத் திசுக்களில் வளைந்த உருவமுள்ள கிருமிகளைக் கண்டார். இரைப்பையின் கடும் அமிலத்தில் கிருமி எதுவும் வாழாது என்றே வைத்திய உலகம் அதுகாறும் நம்பியிருந்தது. பாரி மார்ஷல் என்ற இளம் வைத்தியர் அவருடன் சேர்ந்து அக்கிருமியை வளர்க்க முயன்றார். முயற்சிகள் பல பொய்த்தன. 1982-ல் ஈஸ்டர் விடுமுறையை முன்னிட்டு வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தினும் கூடுதலான நாட்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தபோதுதான் கிருமி வளர்ந்து தென்பட்டது. (விடுமுறையாலும் விஞ்ஞானம் சில வேளைகளில் பயனடைகிறது போலும்!) அப்பொழுதும் நம்புவோர் சிலரே. ஆகவே 1984-ல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே அருந்திச் சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். அவருக்குப் புண் உண்டாகவில்லை என்பதையும் கூறவேண்டும்; கிருமியை ஒழித்தவர்களுக்குப் புண் பெரும்பாலும் மீளவில்லை என்ற பிற்கால அனுபவமே ஐயத்தை நீக்கிற்று. 2005-ல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

ஹெலிகோபாக்டர் பைலோரி எனப்படும் இக்கிருமி, யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது. தொற்றியோருள் சிலருக்கே புண் உண்டாகிறது.

கிருமியைப் போலவே கவனிக்கத்தக்கது வலி மாத்திரை. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவை இரைப்பையின் உட்சவ்வைக் காக்கும் பொருள்கள் உண்டாவதைத் தடுக்கின்றன. நடவிலும் சுமை வேலையிலும் உடல் நொந்தவர் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் மாத்திரையைப் பற்றி எவரும் கேட்பதில்லை; அவர் உண்ட ஊறுகாயைப் பற்றியே கேட்கின்றனர்! காரம் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணுக்கு அது காரணமன்று. புகைபிடித்தலோ புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது.

ஆதலால் கிராமங்களில் பணிபுரிவோர் முதலில் கேட்கவேண்டியது, என்ன மாத்திரை, எத்தனை நாட்களாக என்பதே. கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால், அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் கிருமிக்கொல்லி மருந்துகளும் வழக்கமாகப் பதினான்கு நாட்கள் தரப்படுகின்றன. வலி நின்றவுடன் நான்காம் நாளே மருந்தை நிறுத்திவிடுவோர் பலர். எஞ்சிய கிருமி பின்னர் அம்மருந்துக்கு அடங்காமற் போகக்கூடும். மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி கண்டாலோ, மோர் கொடுத்து ஆறப்போடாமல் அக்கணமே ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் வேண்டும்.